மஞ்சள் நோட்டீசுக்குப் பிறகும் கடை திறக்கலாம்



"இன்னார் ஐ.பி. கொடுத்துவிட்டாராம்" என்ற பேச்சு கீழமாசி வீதியில் காலையில் கிளம்பினால், மதியத்துக்குள் நெல்பேட்டை, சிம்மக்கல் என்று சுற்றி, திருமங்கலம், உசிலம்பட்டி, மேலூர் வரைக்கும் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சரக்குக் கொடுத்தவர்கள் அவருடைய கடை வாசலில் கூடுகிறார்கள். முதலில் வந்தவர் கையில் கிடைத்த மூட்டைகளைத் தூக்குகிறார். கடைசியில் வந்தவர் தராசை எடுத்துக்கொண்டு போகிறார். கடைக்காரர் ஊரில் இல்லை. பெண்டு பிள்ளைகள் வீட்டுக் கதவை அடைத்துக்கொண்டு உள்ளே இருக்கிறார்கள். இப்படித்தான் நம் வட்டாரத்தில் ஒரு கடையின் கதை முடிகிறது.

இது இப்படித்தான் முடிய வேண்டுமா என்பதே நமது கேள்வி. மஞ்சள் நோட்டீஸ் பற்றி நம்மவர்களிடம் இரண்டு தவறான எண்ணங்கள் வேரூன்றி இருக்கின்றன. ஐ.பி. போட்டால் கடன் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விடும் என்று கடன்பட்டவர் நினைக்கிறார். ஐ.பி. போட்டவன் இனி ஆள் இல்லை, அவனோடு கொடுக்கல் வாங்கலே கூடாது என்று கடன் கொடுத்தவர் நினைக்கிறார். இரண்டும் தவறு. இரண்டாலும் நட்டப்படுவது நாம்தான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நமது மாவட்டத்துக் கடைக்காரர்களுக்குப் பொருந்துவது 1920-ம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டம். சென்னை நகரத்துக்கு 1909-ம் ஆண்டுச் சட்டம் தனியாக உண்டு. 2016-ல் நாடாளுமன்றம் புதிய திவால் சட்டம் ஒன்றை நிறைவேற்றியது உண்மை. ஆனால் அதில் தனிநபர்களுக்கான பகுதி 2019 டிசம்பர் 1 முதல் கம்பெனிக் கடனுக்குச் சொந்த ஜாமீன் போட்டவர்களுக்கு மட்டுமே நடைமுறைக்கு வந்தது. மளிகைக் கடைக்காரரும் சில்லறை வியாபாரியும் இன்னும் நூறு ஆண்டு தாண்டிய பழைய சட்டத்தின் கீழ்தான் இருக்கிறார்கள். 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று அதில் எழுதியிருப்பதைப் பார்த்தாலே அதன் வயது தெரியும்.

இந்தச் சட்டத்தில் மனுக் கொடுப்பது முதல் படி மட்டுமே. மனுவோடு யார் யாருக்கு எவ்வளவு பாக்கி, தமக்கு வரவேண்டியது எவ்வளவு, சொத்து என்னென்ன என்ற பட்டியலைக் கொடுக்க வேண்டும். கோர்ட் திவால் என்று தீர்ப்புச் செய்தால் சொத்து முழுவதும் கோர்ட்டின் கைக்கோ ரிசீவர் கைக்கோ போய்விடும். உடுதுணி, சமையல் பாத்திரம், படுக்கை, மத வழக்கப்படி பெண்கள் கழற்றக் கூடாத நகை ஆகியவற்றை யாரும் தொட முடியாது. அதாவது தாலிக்குச் சட்டமே காவல். சாதாரண ஜப்தியில் கணக்குப் புத்தகத்துக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. திவால் வழக்கில் அது கிடையாது. கணக்கு ரிசீவர் முன்னால் வந்தே தீர வேண்டும். சட்டத்தின் பார்வையில் கடைக்காரருடைய நாணயத்துக்குச் சாட்சி அந்தப் புத்தகம்தான் என்பதை இதிலிருந்து தெரிந்துகொள்ளலாம்.

தீர்ப்பு வந்ததோடு கடன் ஒழிந்துவிட்டது என்று வீட்டுக்குப் போய்த் தூங்குகிறவர்கள் பலர். விடுவிப்பு உத்தரவு கேட்டு எத்தனை காலத்துக்குள் மனுப் போட வேண்டும் என்று அந்தத் தீர்ப்பிலேயே கோர்ட் கெடு வைக்கும். கெடுவுக்குள் மனுப் போடாவிட்டால் திவால் தீர்ப்பே ரத்தாகிவிடும். கடன் கொடுத்தவர்கள் மீண்டும் வழக்கைத் தொடரலாம். விடுவிப்பு வரும் வரையில் புதிதாகச் சம்பாதித்துச் சேர்க்கும் சொத்தும் ரிசீவரைச் சேரும். அந்தக் காலத்தில் தாம் விடுவிப்புப் பெறாத திவாலானவர் என்பதைச் சொல்லாமல் 50 ரூபாயோ அதற்கு மேலோ கடன் வாங்கினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. இன்று ஒரு கிலோ பருப்பைச் சொல்லாமல் கடனாக வாங்கினாலே அது குற்றமாகிவிடும்.

விடுவிப்பு கேட்கும்போது கோர்ட் என்ன பார்க்கிறது? மூன்று ஆண்டுக் கணக்கு ஒழுங்காக எழுதப்பட்டிருக்கிறதா? கடன் தீர்க்க முடியாது என்று தெரிந்த பிறகும் வியாபாரத்தை இழுத்துக்கொண்டு போனாரா? வீண் ஆடம்பரம் செய்தாரா? கடைசி மூன்று மாதத்தில் வேண்டியவருக்கு மட்டும் பணத்தைக் கொடுத்துவிட்டு மற்றவர்களைக் கைவிட்டாரா? சொத்து, ரூபாய்க்கு எட்டணா அளவுக்காவது தேறுமா? இவற்றில் குறை தெரிந்தால் நிபந்தனையற்ற விடுவிப்பு கிடைக்காது. எட்டணாவுக்குத் தேறாமல் போனதற்குக் கடனாளி பொறுப்பாளி அல்ல என்றால் அந்தக் குறையைச் சட்டமே மன்னிக்கிறது. 2016 நவம்பரில் நோட்டுச் செல்லாமல் போனபோதும், 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோதும் கடையை மூடியவர்கள் எல்லாரும் சூதாடிகளா? காலம் கெடுத்தவனையும் தானே கெட்டவனையும் சட்டம் பிரித்துப் பார்க்கிறது. நம் கடைவீதி பிரித்துப் பார்ப்பதில்லை.

ஐ.பி. தொடாதவை எவை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அடமானத்தில் இருக்கும் வீட்டின் மேலும் நகையின் மேலும் கடன் கொடுத்தவரின் உரிமை போகாது. அரசாங்கத்துக்குச் செலுத்த வேண்டிய பாக்கி விடுவிப்பிலும் தீராது. மோசடி செய்து வாங்கிய கடனும் தீராது. ஜாமீன் கையெழுத்துப் போட்ட மைத்துனரும் கூட்டாளியும் தப்ப முடியாது. காசோலை திரும்பிய வழக்கு குற்றவியல் வழக்கு. திவால் மனு அதைத் தானாக நிறுத்தாது. வீட்டை மனைவி பேருக்கு எழுதிவைத்துவிட்டு மனுப் போடலாம் என்று யோசனை சொல்கிறவர்களை நம்ப வேண்டாம். திவால் மனுவுக்கு முந்தைய இரண்டு ஆண்டுக்குள் இப்படிப் பணம் வாங்காமல் எழுதிக்கொடுத்ததை ரத்துச் செய்யச் சட்டத்தில் இடம் உண்டு.

தோற்றவர் வேறு, ஏமாற்றியவர் வேறு

1906 அக்டோபரில் சென்னையில் அர்பத்நாட் கம்பெனி முறிந்தது. வெள்ளைக்காரக் கம்பெனி, அசைக்க முடியாதது என்று நம்பி ஆயிரக்கணக்கானவர்கள் பணம் போட்டிருந்தார்கள். கம்பெனியின் தலைவர் சர் ஜார்ஜ் அர்பத்நாட் சிறைக்குப் போனார். வியாபாரத்தில் தோற்றதற்காக அல்ல, மோசடி செய்ததற்காக. அந்த அடியில் நம்மவர்கள் சோர்ந்து உட்கார்ந்துவிடவில்லை. நமக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று வி. கிருஷ்ணசாமி அய்யர் முதலானவர்கள் முன்நின்று 1907-ல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். ஒரு பெரிய திவாலின் சாம்பலிலிருந்து ஒரு வங்கி எழுந்தது. நம்பிக்கை முறிந்த இடத்தில் புலம்பிக்கொண்டிருக்காமல் புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்துகொண்டதுதான் அதிலுள்ள பாடம்.

நமது ஊருக்கும் இந்தப் பாடம் புதிதல்ல. வணிகத்துக்குப் பணம் வேண்டும், அதை நாமே திரட்டிக்கொள்வோம் என்று 1943-ல் மதுரை வங்கியும், 1946-ல் பாண்டியன் வங்கியும் இங்கே தொடங்கப்பட்டன. இரண்டும் பின்னாளில் பெரிய வங்கிகளோடு இணைந்துவிட்டன. அவை இருந்த காலத்தில் மதுரை வணிகர்களின் நாணயத்தை நம்பித்தான் நடந்தன. நாணயம் என்ற ஒரே சொல்லால் காசையும் கண்ணியத்தையும் குறிக்கிற மொழி நம்முடையது. முன்னது போனாலும் பின்னது போக வேண்டியதில்லை.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

உணர்ச்சியை விட்டுவிட்டுக் கணக்குக்கு வருவோம். ஒரு மளிகைக் கடைக்கு எட்டு மொத்த வியாபாரிகளிடம் 6 லட்ச ரூபாய் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். கடையில் இருக்கும் சரக்கு ஒன்றரை லட்சம். ஊரில் வசூலாக வேண்டியது ஒரு லட்சம்.

கடைக்காரர் ஓடிவிட்டார் என்றால் நடப்பது இது. அவசரத்தில் விற்கும் சரக்கு பாதி விலைக்குப் போகும். 75,000 ரூபாய் கிடைக்கும். கடை மூடியது தெரிந்தவுடன் பற்று வைத்தவர்கள் பணம் தரமாட்டார்கள். 20,000 வந்தால் பெரிது. மொத்தம் 95,000. ரூபாய்க்கு 16 காசு. அதுவும் எட்டுப் பேருக்கும் சமமாக வராது. முதலில் ஓடியவருக்குக் கிடைக்கும், மற்றவர்கள் பேரேட்டில் சிவப்பு மையால் எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

அதே கடை திறந்திருந்தால்? நாள் விற்பனை 10,000 ரூபாய், அதில் பத்து சதவீதம் லாபம் என்றால் மாதம் 30,000. வாடகை 5,000, மின்சாரமும் வண்டிக் கூலியும் 2,000, குடும்பச் செலவு 11,000 போக 12,000 ரூபாய் மிஞ்சும். மாதம் 12,000 வீதம் 30 மாதம் கட்டினால் 3,60,000. ரூபாய்க்கு 60 காசு. ஊர்ப் பாக்கி வசூலாவது இதற்கு மேல். எட்டு வியாபாரிகளுக்கும் ஒரு வாடிக்கைக் கடை மிஞ்சுகிறது. இனி வாங்கும் சரக்கு ரொக்கத்துக்கு. 16 காசு பெரிதா, 60 காசு பெரிதா?

இப்படிப்பட்ட சமரசத்துக்குச் சட்டத்திலேயே வழி இருக்கிறது. திவால் தீர்ப்புக்குப் பிறகும் கடனாளி ஒரு தவணைத் திட்டம் கொடுக்கலாம். கடனை நிரூபித்துக் கூட்டத்துக்கு வந்தவர்களில் எண்ணிக்கையில் பெரும்பான்மையும், கடன் தொகையில் முக்கால் பங்கும் ஒத்துக்கொண்டு, கோர்ட்டும் ஏற்றால் எல்லாரையும் அது கட்டுப்படுத்தும். கோர்ட்டுக்கு வழக்கு வந்துவிட்டால் மக்கள் நீதிமன்றத்தில் பேசி முடிக்கலாம். அங்கே ஆகும் சமரசம் கோர்ட் தீர்ப்புக்குச் சமம், அதற்கு அப்பீல் இல்லை, கட்டிய கோர்ட் கட்டணமும் திரும்பக் கிடைக்கும். இத்தனைக்கும் தேவை ஒன்றே: கடைக்காரர் ஊரில் இருக்க வேண்டும், கணக்கு கையில் இருக்க வேண்டும்.

சிக்கலில் இருப்பவருக்கு

இந்த மாதத் தவணைக்கு அடுத்த மாதச் சரக்கை விற்றுக் கட்டுகிறீர்களா? அடக்க விலைக்குக் கீழே சர்க்கரையும் எண்ணெயும் விற்று ரொக்கம் திரட்டுகிறீர்களா? ஒரு மண்டி பாக்கியை அடைக்க வேறொரு மண்டியில் புதுக் கணக்குத் தொடங்குகிறீர்களா? அப்படியானால் கடை ஏற்கெனவே நொடித்துவிட்டது. ஊருக்குத்தான் இன்னும் தெரியவில்லை. அன்றைக்கே பெரிய பாக்கிக்காரர் மூன்று பேரிடம் பேரேட்டை எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். செய்தி பரவும் முன் நீங்களே போய்ச் சொன்னால் நீங்கள் யோக்கியர். பரவிய பிறகு பிடித்துக்கொண்டு வந்தால் அதே பேச்சுக்கு மதிப்பில்லை.

தினத்தண்டலையும் மீட்டர் வட்டியையும் வாங்கி மண்டிப் பாக்கியைக் கட்டாதீர்கள். மொத்த வியாபாரி ஒரு வாரம் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். மீட்டர் வட்டிக்காரர் வீட்டுக்கு வருவார். 2003-ம் ஆண்டில் தமிழ்நாட்டில் கந்து வட்டித் தடைச் சட்டம் வந்தது. அதன்படி கந்து வட்டி வாங்குகிறவருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 30,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. மிரட்டல் வந்தால் போலீசில் எழுதிக்கொடுக்கத் தயங்க வேண்டாம்.

பணம் இல்லாத காரணத்துக்காக மட்டும் ஒருவரைச் சிவில் சிறையில் அடைக்கக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1980-லேயே தீர்ப்புச் சொல்லியிருக்கிறது. வசதி இருந்தும் கொடுக்க மறுக்கிறவருக்குத்தான் சிறை. ஆகவே பயந்து ஊரைவிட்டு ஓட வேண்டியதில்லை. அதைவிடக் கொடிய முடிவை எடுக்க வேண்டியதே இல்லை. கடை போனால் கடை வைக்கலாம். ஆள் போனால் அந்தக் கடன் பிள்ளைகளின் தலையில் பழியாக உட்காரும்.

மீண்டும் பேர் எடுப்பது எப்படி?

முதல் ஆண்டு முழுக்க ரொக்கக் கொள்முதல். கையில் 5,000 இருந்தால் 5,000-க்கு மட்டும் சரக்கு. எல்லாச் சரக்கும் வைக்க ஆசைப்படாமல் அரிசி, பருப்பு, எண்ணெய், சீனி என்று வேகமாக ஓடும் சரக்கை மட்டும் வைக்க வேண்டும். கடைக் கல்லாவும் வீட்டுப் பையும் தனித்தனியாக இருக்க வேண்டும். குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு என்று சம்பளம் போல எடுத்து, அதையும் கணக்கில் எழுத வேண்டும். கல்யாணம், காதுகுத்து மொய்யைக் கல்லாவிலிருந்து எடுக்கும் பழக்கத்தால் முறிந்த கடைகள் நம்மிடையே கொஞ்சமல்ல.

இரண்டாம் ஆண்டு ஒரே ஒரு மொத்த வியாபாரியிடம் ஒரு வாரக் கடன் கேளுங்கள். விடுவிப்பு வராதவர் என்றால் அதைச் சொல்லியே கேளுங்கள். சனிக்கிழமை கெடு என்றால் வெள்ளிக்கிழமையே கட்டுங்கள். 26 வாரம் தவறாமல் நடந்துகொண்டால் அடுத்த மண்டிக்காரருக்கு அவரே உங்களைப் பற்றிச் சொல்லுவார். விட்ட பேரை நயமாகப் பேசி வாங்க முடியாது, கெடுவுக்கு முந்திக் கட்டித்தான் வாங்க முடியும்.

வங்கியிலும் இதே வழிதான். சிபில் முதலான நான்கு நிறுவனங்கள் நம் கடன் வரலாற்றை வைத்திருக்கின்றன. மதிப்பெண் 300 முதல் 900 வரை. ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி 2017 முதல் ஒவ்வொரு நிறுவனமும் ஆண்டுக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அதை வாங்கிப் பாருங்கள். கட்டி முடித்த கடன் பாக்கி என்று நின்றால் எழுதிக்கொடுத்துத் திருத்துங்கள். முழுதும் கட்டி முடித்த கணக்குக்கும், பேசிக் குறைத்துக் கட்டிய கணக்குக்கும் அந்த அறிக்கையில் வெவ்வேறு பெயர். பின்னது வங்கிக்காரர் கண்ணை உறுத்தும். முடிந்தால் மிச்சத்தையும் கட்டி, பாக்கி இல்லை என்ற சான்றிதழை வாங்கி வையுங்கள். கடை வரவை வங்கிக் கணக்கு வழியாகவே போகவிட்டு, ஜி.எஸ்.டி. கணக்கைத் தவறாமல் தாக்கல் செய்துவந்தால், பிறகு முத்ரா போன்ற சிறு கடனுக்குப் போகும்போது அந்தக் காகிதங்களே உங்களுக்காகப் பேசும்.

சங்கம் செய்ய வேண்டியது

கடைசியாக நமது யோசனை. நமது சங்கத்தில் மூன்று பேர் கொண்ட சமரசக் குழு ஒன்று வேண்டும். மொத்த வியாபாரி ஒருவர், சில்லறைக் கடைக்காரர் ஒருவர், கணக்கு அறிந்தவர் ஒருவர். சிக்கலில் உள்ள உறுப்பினர் தாமே வந்து கணக்கைக் காட்டினால், பதினைந்து நாளுக்குள் கடன் கொடுத்தவர்களைக் கூட்ட வேண்டும். அதுவரை யாரும் கடையிலிருந்து சரக்கைத் தூக்குவதில்லை என்று எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டும். கணக்கு நேர்மையாக இருந்தால் தவணை, ரொக்கத்துக்குச் சரக்கு. கணக்கு பொய்யாக இருந்தால் குழு விலகிக்கொள்ளட்டும், சட்டம் பார்த்துக்கொள்ளட்டும்.

இது ஏமாற்றுக்காரர்களுக்கு இடம் கொடுப்பதாகாதா என்று சில மொத்த வியாபாரிகள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் ஏமாற்றுக்காரர் கணக்கைத் தூக்கிக்கொண்டு சங்கத்துக்கு வரமாட்டார். இன்றைய வழக்கம்தான் அவருக்கு வசதி. யோக்கியரும் ஓடுகிறார், அயோக்கியரும் ஓடுகிறார், யார் யார் என்று நமக்குத் தெரிவதில்லை. வர ஒரு வாசல் இருந்தால், வராமல் ஓடுகிறவர் யார் என்பது தானே தெரிந்துவிடும்.

மொத்த வியாபாரிகளும் தம் பங்குக்கு ஒன்றைச் செய்ய வேண்டும். கடை அளவு பார்த்துக் கடன் அளவு வையுங்கள். மாத விற்பனை மூன்று லட்சம் உள்ள கடைக்கு எட்டுப் பேரும் போட்டி போட்டு ஆறு லட்சத்துக்குச் சரக்கை இறக்கிவிட்டு, அவன் முறிந்தபின் அவனை மட்டும் திட்டுவதில் பொருள் இல்லை.

அடுத்த பொதுக்குழுவில் இந்தக் குழு பற்றித் தீர்மானம் கொண்டுவர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். உறுப்பினர்கள் தம் கருத்தைச் சங்க அலுவலகத்துக்கு எழுத வேண்டுகிறோம். இன்று நன்றாக நடக்கும் கடை எதுவும் நாளைக்கும் அப்படியே நடக்கும் என்று எழுதிக்கொடுத்தவர் யாரும் இல்லை. நமக்குத் தேவைப்படாத காலத்தில் இந்த ஏற்பாட்டைச் செய்து வைத்தால்தான், தேவைப்படும் நாளில் அது நமக்கு உதவும்.